வளையம் விழுந்தால் மருந்தாகிவிடுமா?

தமிழ்நாட்டில் தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் என்று எந்த முதுகலைத் துறையின் புராஜெக்ட் அலமாரியைத் திறந்தாலும் ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக நிற்கும். இன்ன செடியின் இலைச் சாற்றுக்கு உள்ள நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன். செடியின் பெயர் மட்டும் மாறும்: தூதுவளை, ஆடாதொடை, குப்பைமேனி, நொச்சி, ஆவாரை. உள்ளே ஒரு வண்ணப் படம் இருக்கும். பெட்ரித் தட்டில் மங்கலான கிருமிப் படலம், அதன் நடுவே தெளிந்த வட்டங்கள். முடிவுரையின் கடைசி வரி பெரும்பாலும் "எனவே இச்செடியிலிருந்து புதிய மருந்து தயாரிக்கலாம்" என்று முடிந்திருக்கும்.

அந்தத் தெளிந்த வட்டத்துக்கும் அந்தக் கடைசி வரிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. வட்டம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லும் சேதி மிகச் சின்னது: இந்தச் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று, இந்த அளவில், இந்த அகார் கூழில் ஊறிப் பரவி, இந்தக் கிருமியை வளரவிடாமல் தடுத்தது. அதற்கு மேல் நாம் படிப்பதெல்லாம் நம் ஆசை.

செய்முறை எளிது, செலவும் குறைவு. அதனால்தான் இத்தனை பேர் செய்கிறார்கள். இலையை நிழலில் உலர்த்தி மிக்ஸியில் பொடிக்கிறார்கள். பொடியை மெத்தனாலில் நாள்கணக்கில் ஊறப் போட்டோ, சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் சுழலவிட்டோ சாறு இறக்குகிறார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் கரும்பச்சையாகப் பிசின் போல ஒன்று அடியில் மிஞ்சும். அதைச் சுரண்டி எடை போட்டு, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் சோதனைக்குச் சாறு தயார்.

கிருமியின் பக்கம் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. முந்தைய நாள் வளர்த்த கிருமியை உப்புநீரில் கலக்கி, அதன் கலங்கலை மெக்ஃபார்லாண்ட் 0.5 என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பேரியம் குளோரைடையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் கலந்தால் கிடைக்கும் வெண்கலங்கல்தான் அந்த அளவுகோல். கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன்னால் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்து, கோடுகள் இரண்டிலும் ஒரே மாதிரி மங்கித் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போனால் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி கிருமிகள் என்று அர்த்தம். பஞ்சுக் குச்சியால் அதைத் தட்டு முழுக்கத் தடவி, கார்க் போரரால் 6 மி.மீ. குழி வெட்டி, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் சாறு விட்டு இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் காலை வளையம் விழுந்திருக்கும். ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த மெக்ஃபார்லாண்ட் படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். கிருமியை நீர்க்கத் தடவினால் வளையம் பெரிதாகும். அகாரை மெல்லிசாக ஊற்றினாலும் பெரிதாகும். அதனால்தான் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அகார் மிச்சம் பிடிக்கும் ஆய்வகத்தில் எல்லாச் செடிகளும் கொஞ்சம் வீரியமாகத்தான் தெரியும்.

இந்தச் சோதனை செடிகளுக்காகப் பிறந்ததும் இல்லை. தட்டில் ஊற்றும் முல்லர்-ஹின்டன் அகார், 1941இல் ஹார்வர்டில் ஜான் ஹோவர்ட் முல்லரும் ஜேன் ஹின்டனும் மேகவெட்டை, மூளைக்காய்ச்சல் கிருமிகளை வளர்ப்பதற்காக உருவாக்கியது. மருந்து ஊறிய வில்லையைத் தட்டில் வைத்து வளையம் அளக்கும் முறையை 1966இல் பாவரும் கர்பியும் சகாக்களும் ஒழுங்குபடுத்தினார்கள். மருத்துவமனையில் நோயாளியின் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று அவசரமாகத் தெரிந்துகொள்வதற்கான முறை அது. அங்கே வளையத்துக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த மருந்துக்கு இத்தனை மி.மீ. வந்தால், மனித ரத்தத்தில் எட்டக்கூடிய அளவு மருந்தே இந்தக் கிருமியை அடக்கும் என்று, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்து எழுதியது. குப்பைமேனிக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. வளையத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டோம்; அதற்குப் பொருள் தந்த அட்டவணையை வாங்க முடியவில்லை.

18 மி.மீ. என்றால் எவ்வளவு?

ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: "சாறு 18 மி.மீ. வளையம் தந்தது, இது ஜென்டாமைசினுக்கு நிகரானது." கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாற்றின் செறிவு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இது வழக்கமாக எடுக்கும் அளவுதான். குழியில் விட்டது 50 மைக்ரோலிட்டர். ஆக, குழிக்குள் போனது 5 மில்லிகிராம். பக்கத்தில் இருக்கும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் வில்லையில் உள்ளது 10 மைக்ரோகிராம். 500 மடங்கு வித்தியாசம். "நிகரானது" என்ற சொல் இந்த 500 மடங்கை விழுங்கிவிடுகிறது.

அதே ஜென்டாமைசின் வில்லையை உண்மையில் எதற்கு வைக்க வேண்டும்? சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பதற்கு. ஏ.டி.சி.சி. என்ற அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகத்தின் 25923 என்ற எண் கொண்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில் அந்த வில்லை 19 முதல் 27 மி.மீ.க்குள் வளையம் தர வேண்டும். தராவிட்டால் கிருமியிலோ அகாரிலோ வில்லையிலோ கோளாறு. அன்றைய தட்டுகளைக் குப்பையில் போட வேண்டும். ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வளையத்தின் அகலம் மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. அது அகாரில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அகாரில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறு விறுவிறுவென்று பரவும். எண்ணெய்த் தன்மை உள்ளதும், உருவில் பெரியதும் குழியோரத்திலேயே தங்கிவிடும். வேப்பெண்ணெய் 9 மி.மீ.யும் நெல்லிச் சாறு 20 மி.மீ.யும் தந்தால் நெல்லிதான் வல்லது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஒரே பொருளை வெவ்வேறு அளவுகளில் வைத்து ஒப்பிட்டால் வளையத்துக்கு அர்த்தம் உண்டு. இரண்டு செடிகளை ஒப்பிட அது உதவாது.

அட்டவணைகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன ரகசியம். சராசரிக்குப் பக்கத்தில் ± 0.58 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று குழிகளை ஸ்கேலால் முழு மில்லிமீட்டரில் அளந்து 14, 14, 15 என்று வந்தால் திட்ட விலக்கம் எப்போதும் 0.58தான். 14, 15, 16 வந்தால் சரியாக 1.00. மூன்றும் ஒன்றாக வந்தால் 0.00. புள்ளியியல் போலத் தோன்றினாலும், அது ஸ்கேலில் உள்ள கோடுகளின் இடைவெளியைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தவிரவும், ஒரே சாற்றை ஒரே நாளில் மூன்று குழிகளில் விடுவது மூன்று சோதனை ஆகாது. வேறு நாளில், வேறு வளர்ப்பில், முடிந்தால் வேறு இடத்தில் பறித்த செடியில் செய்தால்தான் அது திரும்பச் செய்ததாகக் கணக்கு.

சாறு என்ற கலவைக்கே உரிய பொய் வளையங்களும் உண்டு. எலுமிச்சை, புளி போன்றவற்றின் புளிப்பே கிருமியை நிறுத்தும். நடுநிலைப்படுத்தாமல் செய்தால் அமிலத்தைத்தான் அளக்கிறோம். கரைப்பான் முழுதாக ஆவியாகாமல் இருந்தால் மெத்தனாலை அளக்கிறோம். வெறும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்ட ஒரு குழி இல்லாத தட்டுக்கு ஆய்வு என்ற பெயரே பொருந்தாது. இவை எல்லாவற்றையும்விட விடாப்பிடியான விருந்தாளி டானின், அதாவது துவர்ப்பு. கடுக்காய், மாதுளைத் தோல், கொய்யா இலை, நெல்லி எல்லாம் எந்த ஆய்வகத்திலும் ஏமாற்றாமல் வளையம் தருவதில் துவர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. டானின் புரதத்தைக் கண்ட இடத்தில் பிடித்து இறுக்கும். கிருமியின் புரதம், நம் எச்சிலின் புரதம், சோற்றோடு உண்ட பருப்பின் புரதம் என்ற பாகுபாடு அதற்கில்லை. நாக்கு சுருங்குவதும் அதே வேலைதான். வாய் கொப்பளிக்க, புண் கழுவ அது பயன்படலாம். விழுங்கினால் வயிற்றிலேயே உணவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நுரையீரலில் உள்ள கிருமியைத் தேடிப் போகாது.

குழியிலிருந்து கிண்ணத்துக்கு

வளையத்துக்கு அடுத்த படி, எவ்வளவு குறைந்த அளவில் கிருமி நிற்கிறது என்று பார்ப்பது. எம்.ஐ.சி. என்பார்கள்; குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. 96 சின்னக் கிண்ணங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமியை விட்டு ஓர் இரவு வைப்பார்கள். ஆன்டிபயாடிக் என்றால் கிண்ணம் கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். இலைச் சாறு தானாகவே கரும்பச்சை. கலங்கல் எங்கே தெரியும்? அதற்கு ரெசசூரின் போன்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள கிருமி அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றும். நீலமாகவே நின்ற கிண்ணங்களில் கடைசிக் கிண்ணம்தான் விடை. தென்னாப்பிரிக்காவின் யாக்கோபஸ் எலோஃப் 1998இல் ஐ.என்.டி. என்ற சாயத்தை வைத்து இந்த வழியைத் தாவரச் சாறுகளுக்கென்றே சீராக்கிக் கொடுத்தார். சாறு கொஞ்சம் போதும், பரவும் தூரம் என்ற குழப்பமும் இல்லை.

இந்த எண் கிடைத்தால்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. 2005இல் ரியோஸ், ரெசியோ என்ற ஸ்பானிய ஆய்வாளர்கள் இருவர் இத்துறைக் கட்டுரைகளைப் பரிசீலித்து ஒரு கோடு போட்டார்கள்: கச்சாச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வைத்துச் சோதிப்பதே வீண், 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் அது கவனிக்கத்தக்கது. பிரித்தெடுத்த தூய பொருள் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் பால் கோஸ் குழுவும் சாறுகளுக்கு அதே 100 மைக்ரோகிராமைத்தான் சொன்னது. நம் ஆய்வேடுகளில் வரும் குழிச் செறிவு 100 மில்லிகிராம் என்பதை இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஆயிரம் மடங்கு.

ஏன் இந்தக் கெடுபிடி? ஒரு சாற்றின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மனித உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர். அதில் அந்தச் செறிவு எட்ட 15 கிராம் சாறு தேவை. அதுவும் குடலில் ஒரு துளி வீணாகாமல், கல்லீரல் எதையும் சிதைக்காமல், ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்தால். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாக இறங்கும் என்றால் 150 கிராம் பொடி. பச்சை இலையாகச் சுமார் முக்கால் கிலோ. ஒரு வேளைக்கு. அவ்வளவையும் விழுங்கியவருக்குக் கிருமியைவிடச் செடியே பெரிய தொல்லையாகிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், சாதாரண ஈ. கோலை கிருமியை மில்லிலிட்டருக்கு 0.016 மைக்ரோகிராமிலேயே அடக்கிவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால், தூய மருந்தையும் கச்சாச் சாற்றையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. சாற்றில் செயல்படும் பொருள் நூற்றில் ஒரு பங்காக இருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் 50 மைக்ரோகிராம். இடைவெளி குறைகிறது, மறையவில்லை.

இந்தப் பலவீனம் நம் ஊர்ச் செடிக்கு மட்டும் உரியதில்லை. பிரிட்டனில் பெனிசிலின் சூடுபிடித்திருந்த 1943இல் இ.எம். ஆஸ்பர்ன் 2,300 தாவரங்களின் சாற்றைச் சோதித்துப் பட்டியல் வெளியிட்டார். மறு ஆண்டு கவலிட்டோவும் பெய்லியும் பூண்டிலிருந்து அல்லிசினைப் பிரித்தார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ ஆயிரம் செடிகள் தட்டேறிவிட்டன. பாக்டீரியா நோய்க்கு ஊசியாகவோ மாத்திரையாகவோ போடும் முதல்நிலை ஆன்டிபயாடிக் ஒன்றுகூடப் பூக்கும் தாவரத்திலிருந்து வரவில்லை. பெரும்பாலானவற்றை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான் கொடுத்தன. மலேரியாவுக்குச் சிங்கோனா மரத்தின் குயினைனும் ஆர்ட்டெமிசினினும் செடியிலிருந்தே வந்தன. அவை ஒட்டுண்ணிக்கு எதிரானவை.

செடிகளுக்கும் கிருமித் தொல்லை உண்டே, அவை எப்படிச் சமாளிக்கின்றன? இந்தக் கேள்விக்கு 2000இல் ஓர் அழகான விடை கிடைத்தது. பெர்பெரின் என்பது மஞ்சள் நிற ஆல்கலாய்டு. நம் மரமஞ்சள் கொடியிலும் உண்டு. தனியாகச் சோதித்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் மேல் அது சுமாராகத்தான் வேலை செய்யும். காரணம், கிருமியின் சவ்வில் நோர்-ஏ என்ற பம்ப் இருக்கிறது; உள்ளே வந்த பெர்பெரினை அது அப்படியே வெளியே இறைத்துவிடும். ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் சகாக்களும் பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகளிலேயே இன்னொரு பொருளைக் கண்டார்கள்: 5'-மெத்தாக்ஸி ஹிட்னோகார்ப்பின். அதைத் தனியே தட்டில் வைத்தால் வளையமே கிடையாது. ஆனால் அது அந்தப் பம்பை அடைக்கிறது; அடைத்தபின் பெர்பெரின் பலமடங்கு வீரியமாகிறது. செடி கொல்வதற்கு ஒன்று, வெளியேற்றும் வழியை அடைப்பதற்கு ஒன்று என்று சேர்த்து வைத்திருக்கிறது. சாற்றைப் பிரித்துப் பிரித்துத் தூய பொருளைத் தேடும்போது பாதி வழியில் வீரியம் காணாமல் போகிறது என்று ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஈ. கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்றும் கூடுதலாக இருப்பதால் அங்கே செடிச் சாறு இன்னும் தடுமாறும். சூடோமோனாஸுக்கு அழகான பெரிய வளையம் காட்டும் அட்டவணையைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

கீழாநெல்லியின் கதை

தட்டிலிருந்து நோயாளிவரை உண்மையாகவே நடந்துபோன ஒரு செடி நம்மிடம் உண்டு. அந்தப் பயணம் எங்கே இடறியது என்பதைப் பார்த்தால் மேலே சொன்னது எல்லாம் துலங்கும்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. மோரில் அரைத்துக் குடி என்று பாட்டிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் பரவலாக வரும் காமாலை பெரும்பாலும் தண்ணீர், உணவு வழியாகத் தொற்றும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகளால் வருவது. அவை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். குடித்தவர்தான் ஊரெல்லாம் சொல்வார். தீராமல் ரத்தத்திலேயே தங்கிவிடக்கூடிய ஹெபடைடிஸ் பி வேறு ஜாதி. அதில் ஒரு செடி வேலை செய்கிறது என்றால் அது உண்மையிலேயே பெரிய விஷயம்.

சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் 1982இல் கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்புற ஆன்டிஜென் என்ற புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்கின்றன என்று வெளியிட்டார்கள். அந்த ஆன்டிஜெனைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்ற பாருக் புளும்பெர்க்கே பின்னர் கைகோத்தார். 1987இல் புளும்பெர்க் குழு, அமெரிக்க வுட்சக் விலங்குகளில் அதே குடும்ப வைரஸின் மேல் சாறு வேலை செய்வதாக எழுதியது. 1988இல் லான்செட் இதழில் சென்னை நோயாளிகளின் முடிவு வந்தது. 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, 59 சதவீதம். வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆரம்ப ஆய்வு என்று கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். பத்திரிகைகள் அந்த அடைமொழியை எடுத்துவிட்டன.

அதன் பிறகு தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். ஆன்டிஜென் மறையவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் பரிசீலனைக்கும் வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி மேல் என்று நம்பும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏன் என்பதற்கு ஒரே விடை இல்லை. குழு சிறியது, கண்காணித்த காலம் குறுகியது என்பது ஒன்று. குழாயில் சாறும் ஆன்டிஜெனும் நேருக்கு நேர் கலக்கும்போது, துவர்ப்புப் பொருள்கள் ஆன்டிஜெனை மூடிக்கொண்டு அது இல்லாதது போலக் காட்டியிருக்கலாம் என்பது இன்னொன்று. கீழாநெல்லியிலும் டானின் உண்டு. மூன்றாவது, எல்லாரும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்ற கேள்வி.

1982, 1987 கட்டுரைகளில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிருரி. 1988இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றும், இந்தியப் புத்தகங்களில் அந்தப் பெயரில் இருப்பது அமாரஸ், ஃப்ரேடர்னஸ், டெபிலிஸ் என்ற வெவ்வேறு செடிகள் என்றும் தாவர வகைப்பாட்டியலார் அதற்குள் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் கீழாநெல்லிதான். இலைக்குக் கீழே வரிசையாகக் காய். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமாரஸின் பூவில் இதழ் ஐந்து, ஃப்ரேடர்னஸில் ஆறு. யூரினேரியா என்ற இன்னொரு வகையின் காயில் காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், காயின் மேல் சொரசொரப்பு இருக்கும். தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளின் கீழாநெல்லியை மரபணு முறையில் சோதித்து 2010இல் வெளியான ஆய்வில், நான்கில் மூன்று பங்கு கடைகளில் இருந்தது அமாரஸ். மீதிக் கடைகளில் அதே ஃபில்லாந்தஸ் பேரினத்தின் வேறு ஐந்து செடிகள். நான்கு கடைகளில் வாங்கினால் ஒன்றில் வேறு செடி கிடைக்க வாய்ப்பு என்று பொருள்.

இதனால்தான் சோதித்த செடியின் பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எண் போட்டு, உலர்தாவரக் காப்பகம் ஒன்றில், அதாவது திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்திலோ வைக்கச் சொல்கிறார்கள். ஆய்வேட்டில் அந்தச் சான்று எண்ணை மாணவர்கள் சடங்காக எழுதிவிட்டுப் போகிறார்கள். இருபது வருடம் கழித்து முடிவு ஒத்துவராதபோது, முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அந்த உறைதான்.

எதைக் குடித்தார்கள், எதைச் சோதித்தார்கள்

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. பொடியைத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சி வடிகட்டிச் சூடு ஆறும் முன் குடிப்பது. ஆய்வகத்தில் நிலவேம்பு மட்டும், அதுவும் மெத்தனாலில். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் கரைய மறுக்கும். மெத்தனாலில் தாராளமாக இறங்கும். ஆக, மெத்தனால் சாறு காட்டிய வளையம் குடிநீருக்குச் சான்று ஆகாது, காட்டாத வளையம் குடிநீருக்கு எதிர்ச்சான்றும் ஆகாது. இரண்டும் வேறு பொருள்கள். "பாரம்பரிய அறிவு அறிவியல்பூர்வமாக நிரூபணம்" என்று தலைப்பு போடுகிறவர்கள் இந்த இடத்தை மௌனமாகக் கடந்துவிடுகிறார்கள்.

சாறு எடுக்கும் விதத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பதற்குச் சீன விஞ்ஞானி து யூயூவைவிட நல்ல சாட்சி வேண்டாம். சீனாவில், ஆர்ட்டெமிசினின் தரும் சிங்ஹாவ் செடியின் சாறு மலேரியாவுக்கு ஒரு முறை கேட்டது, மறுமுறை கேட்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் கே ஹாங் எழுதிய மருத்துவ நூலில், ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. காய்ச்சு என்று இல்லை. சூடுதான் கெடுக்கிறது என்று து யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதருக்கு மாறினார். 1971 அக்டோபரில் 191ஆவது மாதிரி எலிகளின் மலேரியாவை முழுதாக அடக்கியது. 2015இல் நோபல். பூண்டும் இதே ஜாதிதான்: நசுக்கினால்தான் நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகும். முழுப் பூண்டை அடுப்பில் உலர்த்தி சாக்ஸ்லெட்டில் ஏற்றிவிட்டுப் பூண்டுக்கு வீரியமில்லை என்று எழுதினால் அது பூண்டின் குறையில்லை.

வளையம் விழாததாலேயே கைவிட்ட செடிகளில் நல்லதும் இருந்திருக்கும். அமெரிக்காவின் கசாண்ட்ரா குவேவ் குழு 2015இல் இத்தாலியக் கிராமத்தார் தோல் நோய்க்குப் பயன்படுத்தும் செஸ்ட்நட் மரத்தின் இலைச் சாற்றைப் பற்றி எழுதியது. ஸ்டெஃபைலோகாக்கஸ் அதில் தாராளமாக வளர்கிறது, வளையம் பூஜ்யம். ஆனால் கிருமிகள் தங்களுக்குள் சமிக்ஞை அனுப்பிக்கொண்டு நஞ்சு சுரப்பதை அந்தச் சாறு தடுக்கிறது. கிரான்பெர்ரிப் பழம் கிருமியைக் கொல்லாமல் சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டவிடாமல் செய்கிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது அடுத்த தொற்றைக் குறைக்கிறது என்று 2023இல் காக்ரேன் பரிசீலனை ஏற்றுக்கொண்டது. நம் கல்லூரி ஆய்வகங்களிலும் இதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற கிருமி இப்படிச் சமிக்ஞை பெற்றால்தான் ஊதா நிறம் சுரக்கும். சாறு விட்ட குழியைச் சுற்றிக் கிருமி வளர்ந்திருந்து ஊதா மட்டும் காணாமல் போயிருந்தால், அதுவும் ஒரு வளையம்தான். ஆனால் வேறு சேதி.

மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தேடுவதை நிறுத்த முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்பதை மேலே போட்ட கணக்கே சொல்கிறது. ரத்தத்தில் எட்ட முடியாத மில்லிகிராம் செறிவு, தோலிலும் வாயிலும் சுலபமாக எட்டும். கிராம்பின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் மருத்துவர்கள் இன்றும் பல்லடைக்கிறார்கள். ஓமத்தில் உள்ள தைமால் வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செடிச் சாறு என்ற வகையில் முதன்முதலாக 2006இல் அனுமதித்த மருந்தும் வைரஸால் வரும் மருக்களுக்குத் தடவும் களிம்புதான்: பச்சைத் தேயிலைச் சாறு, 15 சதவீதம். ஒரு கிராம் களிம்பில் 150 மில்லிகிராம். மேலே தடவ மட்டும்.